ரீஸ்டோர் போடப் போகும் பிள்ளைகளுக்கு

தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்து 27 வருடம் ஓட்டியவன் நான். இப்போது கடையைத் தம்பி மகன் பார்க்கிறான். நான் மதியம் சாப்பிட்டுவிட்டுப் போய் மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். வேலை பழக வரும் பிள்ளைகள் என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுகிறார்கள். அவர்களுக்கு அவ்வப்போது சொன்னதைத்தான் இங்கே எண் போட்டு எழுதுகிறேன். வீட்டு சிஸ்டத்தில் நாமே கைவைத்துப் பார்க்கலாம் என்று துணிகிறவர்களுக்கும் ஆகும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பார்த்த பெரிய இழப்புகள் எல்லாம் சிஸ்டத்தை எழுப்பிய அன்றைக்கு நடந்தவை. படுத்த அன்றைக்கு அவ்வளவாக எதுவும் போவதில்லை. விண்டோஸ் எழ மறுத்தாலும் உள்ளே இருக்கும் கல்யாணப் போட்டோ, கணக்கு, கடிதம் எல்லாம் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். பழைய பேக்கப்பை அதன் தலையில் கொட்டும்போதுதான் போகும்.

1. போனவுடன் மவுஸைத் தொடாதீர்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நாலு பேர் நாலு கதை சொல்வார்கள். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடித்துவிட்டுக் கேளுங்கள். கடைசியாக எப்போது ஒழுங்காக ஓடியது? அதற்கப்புறம் யார் என்ன ஏற்றினார்கள்? நடுவில் கரண்ட் போய் வந்ததா? நமக்கு முன்னால் வேறு யாராவது வந்து பார்த்தார்களா? கடைசிக் கேள்விக்கு மட்டும் உடனே பதில் வராது. கிளம்புகிற நேரத்தில், "பக்கத்துத் தெருப் பையன் ஒருத்தன் வந்து என்னமோ பண்ணினான் சார்" என்பார்கள். அந்த 'என்னமோ'தான் நமக்கு வேண்டியது. முதலிலேயே கறந்துவிட வேண்டும்.

பிறகு காதைக் கொடுங்கள். ஹார்ட் டிஸ்க் 'டொக், டொக்' என்று ஒரே தாளத்தில் தட்டினால் அந்த நிமிடமே பவரை நிறுத்துங்கள். தகவலைப் படிக்கிற முனை, இடம் தெரியாமல் அலைந்து மோதுகிற சத்தம் அது. அந்த டிஸ்க்கில் ரீஸ்டோர் போடுவது கரை உடைந்த வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற வேலை. எஸ்எஸ்டி சத்தமே போடாது. சொல்லாமல் கொள்ளாமல் போகும்.

2. கெட்டது ஃபைலா, விண்டோஸா, டிஸ்க்கா என்று பிரித்துப் பாருங்கள். ஒரு எக்செல் ஷீட் காணோம் என்பதற்காக முழு சிஸ்டத்தையும் ஆறு மாதம் பின்னால் இழுத்தவனை எனக்குத் தெரியும். ஷீட் வந்தது. ஆறு மாதம் போனது.

3. இன்றைக்கு இருப்பதை முதலில் எடுத்து வையுங்கள்.

இதை நான் பாடம் கற்ற கதையோடு சொல்கிறேன். 2006. ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு கிராமம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தன் ஊரின் கதையை எழுதிக்கொண்டிருந்தார். எந்தக் குளத்தை யார் வெட்டியது, எந்தப் புயலில் எந்தத் தெரு போனது, எந்தெந்த வீட்டிலிருந்து மலேயாவுக்கும் பர்மாவுக்கும் கப்பலேறினார்கள் என்று. 300 பக்கத்துக்கு மேல் தானே டைப் அடித்து டி டிரைவில் வைத்திருந்தார். விண்டோஸ் எக்ஸ்பி படுத்துவிட்டது, கூப்பிட்டார், போனேன்.

அந்தக் காலத்தில் நாங்கள் 'கோஸ்ட்' போடுவோம். நன்றாக ஓடும் ஒரு சிஸ்டத்தை அப்படியே அச்செடுத்து டிவிடியில் வைத்திருப்போம். படுத்த சிஸ்டத்தில் அந்த அச்சை இறக்கினால் பத்து, பதினைந்து நிமிடத்தில் புதுசு மாதிரி எழுந்துவிடும். ஒரு நாளைக்கு நாலு வீடு பார்க்கலாம். அந்த மெனுவில் 'டிஸ்க்', 'பார்ட்டிஷன்' என்று இரண்டு சொல் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும். சி டிரைவில் மட்டும் இறக்க வேண்டுமானால் 'பார்ட்டிஷன்'. நான் 'டிஸ்க்' கொடுத்தேன். எல்லாம் அழியும், பரவாயில்லையா என்று அது கேட்கத்தான் செய்தது. தினமும் கேட்கிற கேள்விதானே என்று 'யெஸ்' அழுத்தினேன்.

எழுந்து வந்ததும் மை கம்ப்யூட்டரைத் திறந்தேன். சி மட்டும் இருந்தது. 80 ஜிபியும் ஒரே சி. டி இருந்த இடத்தில் சிடி டிரைவின் படம் ஏறி உட்கார்ந்திருந்தது. ஆசிரியர் பின்னால் நின்றுகொண்டு, "ஆச்சா தம்பி?" என்றார். காபி வந்தது. அதைக் குடித்தேனா என்று இன்றைக்கும் ஞாபகம் இல்லை.

டிஸ்க்கைக் கடைக்கு எடுத்து வந்து மூன்று ராத்திரி தேடினேன். பெயர் போன ஃபைல்களாகக் கொஞ்சம் கிடைத்தது. முக்கால்வாசி கிடைக்கவில்லை. அவரிடம் கையால் எழுதிய நோட்டுகள் இருந்ததால் மறுபடியும் உட்கார்ந்து அடித்தார். இரண்டு வருடம் ஆயிற்று. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். படுத்த சிஸ்டத்தில் இருப்பதை வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுக்காமல் ரீஸ்டோர் பக்கமே போவதில்லை. டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி கேபிளில் மாட்டினால் நம் சிஸ்டத்தில் படிக்கலாம். கழற்ற வசதியில்லாத லேப்டாப் என்றால் லினக்ஸ் பென்டிரைவில் ஏற்றி எடுக்கலாம். அங்கே 'ட்ரை', 'இன்ஸ்டால்' என்று இரண்டு இருக்கும். என் கதையை ஞாபகம் வைத்துக்கொண்டு 'ட்ரை' கொடுங்கள். புது லேப்டாப்களில் பிட்லாக்கர் பூட்டு நாம் போடாமலே விழுந்திருப்பதும் உண்டு. அதற்கு 48 இலக்கச் சாவி வேண்டும். பெரும்பாலும் அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கைத் திறந்தது சிங்கப்பூரில் இருக்கும் மகனாக இருப்பான், அவன் தூங்கிக்கொண்டிருப்பான். எழுப்பிக் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

4. "எல்லாம் டி டிரைவ்ல பத்திரமா இருக்கு சார்" என்று சொன்னால் மனதுக்குள் பயப்படுங்கள். சியும் டியும் ஒரே டிஸ்க். ஒரே வயலுக்கு நடுவில் வரப்பு போட்டு இரண்டு பேர் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். தண்ணீர் ஏறினால் இரண்டும் மூழ்கும்.

5. 'ரீஸ்டோர்' என்று ஒரு சொல்லைச் சொல்லி நாலு வேலையைச் செய்கிறார்கள். எந்த வேலையைச் செய்யப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

சிஸ்டம் ரீஸ்டோர் என்பது 2000-ல் விண்டோஸ் மீ காலத்தில் வந்தது. ஒரு தேதிக்கு விண்டோஸையும் அதில் ஏற்றிய புரோகிராம்களையும் மட்டும் பின்னால் இழுக்கும். நம் போட்டோவை, கடிதத்தைத் தொடாது. அதனால் தைரியமாகச் செய்யலாம். ஆனால் அழித்த போட்டோ வேண்டும் என்று இதைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், வரவே வராது. அதோடு பல சிஸ்டங்களில் இது அணைந்தே கிடக்கும். போய்ப் பார்த்தால் புள்ளி ஒன்றுகூட இருக்காது.

ரீசெட் வேறு. 'கீப் மை ஃபைல்ஸ்' கொடுத்தால் ஃபைல் நிற்கும், புரோகிராம் எல்லாம் போகும். கணக்கு எழுதும் டேலி போகும், பிரிண்டர் டிரைவர் போகும். "ஃபைல் எல்லாம் இருக்கே பெரியப்பா" என்று நீங்கள் சொல்வீர்கள். அரிசி மண்டிக்காரருக்கு டேலி திறக்காவிட்டால் ஃபைல் இருந்து என்ன பிரயோஜனம்?

விண்டோஸ் 8-லிருந்து ஃபைல் ஹிஸ்டரி என்று ஒன்று இருக்கிறது. பழைய தேதியின் ஃபைலைக் காட்டும். கீழே பச்சை வட்டம் ஒன்று கூப்பிடும். அதை அழுத்தினால் பழசு, இப்போது இருக்கும் இடத்துக்கே வந்து உட்காரும். மகள் நேற்றுத் திருத்திய புராஜெக்ட் மேல் போன மாதத்து புராஜெக்ட். ரைட் கிளிக் செய்தால் 'ரீஸ்டோர் டு' இருக்கும். நான் எப்போதும் அதைத்தான் கொடுப்பேன். டெஸ்க்டாப்பில் 'பழசு' என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதில் இறக்கிவிட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்து வீட்டுக்காரரையே பார்க்கச் சொல்வேன்.

நாலாவது இமேஜ். இது எங்கள் கோஸ்ட்டின் தம்பி. முழு டிரைவையும் அந்தத் தேதிக்குக் கொண்டுபோய்விடும். விண்டோஸ் கொடுக்கும் இமேஜ் முறையில், டிஸ்க்கை ஃபார்மட் அடித்துப் பிரிக்கட்டுமா என்று ஒரு டிக் வரும். எந்த டிஸ்க்கைத் தொடாமல் விட வேண்டும் என்று சொல்லவும் வழி உண்டு. அந்த வழியை நம்பாதீர்கள். வேண்டாத டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கி மேசைமேல் வைத்துவிடுங்கள். கழற்றி வைத்ததை எந்த 'யெஸ்'ஸும் அழிக்காது.

6. நகலுக்கு நகல் என்று எழுதிவையுங்கள், தேதியோடு.

கும்பகோணத்துப் பக்கம் திருக்கோடிக்காவல் என்று ஊர். உத்தம சோழன் காலத்தில் செம்பியன் மாதேவி அந்தக் கோயிலைக் கற்றளியாகக் கட்டியபோது, அங்கங்கே கிடந்த பழைய கல்லெழுத்துகளை எல்லாம் புதுச் சுவரில் திரும்ப வெட்டினார்கள். எனக்குப் பிடித்தது அடுத்து அவர்கள் செய்த காரியம். இது பழைய கல்லின் படி என்று அந்தச் சுவரிலேயே சொல்லி வைத்தார்கள். ஆயிரம் வருடம் கழித்து வருகிறவனுக்கும் மூலம் எது, படி எது என்ற குழப்பம் கிடையாது. நம் வீட்டு டிஸ்க்கைத் திறந்தால் 'நியூ ஃபோல்டர்', 'நியூ ஃபோல்டர் 2', 'பேக்கப் லேட்டஸ்ட்', 'பேக்கப் லேட்டஸ்ட் ஃபைனல்'. எது முந்தியது என்று போட்டவருக்கே தெரியாது. வருடம், மாதம், நாள், பிறகு பெயர் என்று இந்த வரிசையில் வையுங்கள். தானாக அடுக்கிக்கொள்ளும்.

தேதியை நம்புவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். பழைய டெஸ்க்டாப்பின் மதர்போர்டில் காசு அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கும், 2032 என்று போட்டிருக்கும். அது தீர்ந்துபோனால் ஒவ்வொரு முறை பிளக்கைப் பிடுங்கும்போதும் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். அப்படிப்பட்ட சிஸ்டத்தில் போன தீபாவளிக்கு எடுத்த பேக்கப்புக்கு 2005 என்று தேதி இருக்கும். அதைப் பழசு என்று தள்ளிவிட்டு, நிஜமாகவே பழசை எடுத்து இறக்கிவிடுவீர்கள்.

இன்னொன்று. ஆகப் புதிய பேக்கப்தான் ஆக நல்லது என்று கிடையாது. கோளாறு போன வாரமே உள்ளே வந்திருந்தால் நேற்றைய பேக்கப்பிலும் அது இருக்கும். ஒவ்வொரு படியாகப் பின்னால் போங்கள்.

7. எழுத்துருவை விட்டுவிட்டால் தமிழ் திரும்பி வராது.

இங்கிலீஷ்காரர்கள் எழுதிய புத்தகத்தில் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. ரீஸ்டோர் அழகாக முடிந்திருக்கும். ஃபைல் எண்ணிக்கை சரி, அளவு சரி. வீட்டுப் பெரியவர் தன் வேர்டு ஃபைலைத் திறப்பார். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருக்கும். அவர் முகம் அப்படியே விழுந்துவிடும். "வைரஸா தம்பி?"

வைரஸ் இல்லை. தொண்ணூறுகளிலும் அதற்குப் பின்னும் நாம் பாமினி, வானவில் என்று எழுத்துரு வைத்து அடித்தோம். உள்ளே சேமித்திருப்பது ஆங்கில எழுத்துதான். எழுத்துரு அதற்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டும். பாமினியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க அரைப்புள்ளிச் சாவியைத் தட்ட வேண்டும். அதனால்தான் முகமூடி கழன்றதும் பக்கமெல்லாம் அரைப்புள்ளி. 2006-ல் அந்த ஆசிரியரின் டிஸ்க்கிலிருந்து பெயரில்லாமல் வந்த ஆயிரக்கணக்கான ஃபைல்களில் அவர் எழுதியது எது என்று நான் பிரித்ததே அப்படித்தான். எதில் அரைப்புள்ளி கொட்டிக் கிடக்கிறதோ அது அவருடையது.

எழுத்துருக்கள் மை டாக்குமென்ட்ஸில் இருப்பதில்லை. பெரும்பாலும் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'ஃபான்ட்ஸ்' என்ற அறையில் இருக்கும். ஆவணத்தை மட்டும் பேக்கப் எடுத்தவர் முகமூடியை விட்டுவிட்டார் என்று அர்த்தம். எனவே அந்த ஃபோல்டரையும் சேர்த்து எடுங்கள். எந்த ஃபைல் எந்த எழுத்துரு என்று ஒரு தாளில் எழுதி, தாளையும் டிஸ்க் டப்பாவிலேயே போடுங்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடைப் பிள்ளைகளுக்கு இது தெரியும். ஒவ்வொருவரும் ஒரு சிடி நிறைய எழுத்துரு வைத்திருப்பார்கள்.

இப்படி ஆளுக்கொரு முறையாக இல்லாமல் ஒரு தரம் வேண்டும் என்று 1999-ல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. 2010-ல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தரமாக அறிவித்தது. அதெல்லாம் புதிதாக அடிப்பதற்கு. அலமாரியில் கிடக்கும் டிஸ்க்குக்கு அரசாணை எட்டாது. திரும்ப எடுத்ததும் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுங்கள், மாற்றித் தர இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் மாற்றிய பிறகு ஒரு முறை படிக்க வேண்டும். பழைய முறையில் 'கொ' அடிக்கக் கொம்பு தனியாக, 'க' தனியாக, கால் தனியாக அடித்திருப்பார்கள். நடுவில் ஒரு இடைவெளி தவறி விழுந்திருந்தாலும் கொம்பு வேறு எழுத்துக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். மூல ஃபைலைத் தொடாமல் நகலில்தான் மாற்ற வேண்டும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

8. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை என்று பேப்பரில் போட்டிருக்கும் நாளில் இமேஜ் இறக்க ஆரம்பிக்காதீர்கள். கோடையில் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் தொய்ந்துவிடும் ஊர்களிலும் ஜாக்கிரதை. பாதியில் கரண்ட் போனால் பழசும் இல்லை, புதுசும் இல்லை. லேப்டாப்தானே, பேட்டரி தாங்கும் என்பீர்கள். 2011-ல் தொடங்கிய திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த அரசு லேப்டாப்தான் நம் பக்கத்துப் பல வீடுகளில் வெகுகாலம் வீட்டுக் கம்ப்யூட்டராக இருந்தது, சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதன் பேட்டரி எப்போதோ செத்திருக்கும். யூபிஎஸ்ஸைக் கையோடு கொண்டுபோங்கள்.

9. வைரஸ் சந்தேகம் இருந்தால் பேக்கப் டிஸ்க்கை அந்த சிஸ்டத்தில் செருகவே கூடாது.

2017 மே மாதம் வான்னாக்ரை உலகத்தையே சுற்றியது. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ஜாதி அது. அந்த ஜாதி செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டும். "பேக்கப் டிஸ்க் எப்பவும் மாட்டியே இருக்கும் சார், தானா எடுத்துக்கும்" என்று பெருமையாகச் சொன்ன வீடுகளில்தான் இரண்டும் சேர்ந்து போனது. முதலில் புது விண்டோஸ், பிறகு பேக்கப். அதிலும் புரோகிராம் எதையும் எடுக்காதீர்கள். போட்டோ, ஆவணம் மட்டும். திருட்டு மென்பொருளின் 'கிராக்' ஃபைலைப் பத்திரமாக பேக்கப் எடுத்து, வந்த வைரஸைத் தாம்பூலம் வைத்துத் திரும்ப அழைத்துக்கொண்ட வீடும் உண்டு.

பழைய இமேஜை இறக்கினால் பழைய ஓட்டைகளும் வரும். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஓடும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. இறக்கிய உடன் முதல் வேலை, கிடைக்கிற அப்டேட்டை எல்லாம் போடுவது.

10. போன், கிளவுட் பற்றிக் கேட்பீர்கள். நல்லதுதான். ஆனால் அது பெரும்பாலும் கண்ணாடி. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் கொஞ்ச நாள் கிடக்கும், ஒன்டிரைவில் 30 நாள். அதற்குள் கவனித்தால் உண்டு.

11. விதைநெல்லைப் பார்ப்பது மாதிரி பேக்கப்பைப் பாருங்கள்.

எங்கள் அப்பா விவசாயி. விதையை வைக்கோலால் சுற்றிக் கோட்டை கட்டி வைப்பார். நாற்றங்காலில் விடுவதற்கு முன்னால் கோட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்து, 100 மணி எண்ணி, ஈரச் சாக்கில் சுற்றி மூலையில் போடுவார். நாலைந்து நாள் கழித்து விரித்து எத்தனை முளைத்தது என்று எண்ணுவார். சான்று விதைக்கு இன்றைக்கும் 80 சதவீதம் முளைத்தாக வேண்டும் என்றுதான் விதி. கோட்டை பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உள்ளே பூச்சி அரித்திருக்கிறதா, ஈரம் பூத்திருக்கிறதா என்பது வெளியே தெரியாது. விதைத்த பிறகு தெரிந்தால் அந்தப் பருவமே போனது.

பேக்கப் முடிந்தது என்று திரையில் பச்சை டிக் வருவது கோட்டை கட்டியதற்கு அடையாளம். முளைக்குமா என்பது வேறு கேள்வி. நான் செய்வது இப்படி. பேக்கப்பிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு பத்து ஃபைலைத் தொட்டு, வேறொரு சிஸ்டத்தில் இறக்கித் திறப்பேன். ஒரு போட்டோ, ஒரு நீளமான வீடியோ, ஒரு தமிழ் ஃபைல், ஒரு டேலி கணக்கு கண்டிப்பாக அதில் இருக்க வேண்டும். வீடியோவை முதல் நிமிடம் மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள், கடைசிவரை தள்ளிப் பாருங்கள். பென்டிரைவ் ஃபேட் 32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் அதில் ஏறாது. முழுக் கல்யாண வீடியோ விட்டுப்போயிருக்கும், மற்றதெல்லாம் ஏறியிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். 2005 வாக்கில் எழுதிய சிடிகளையும் இப்படி ஒரு முறை பாருங்கள். பூஞ்சை பிடித்து, நடுவில் மட்டும் படிக்காமல் கிடக்கும்.

12. பேக்கப் டிஸ்க்கை அதே வீட்டு பீரோவில் வைக்காதீர்கள்.

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பெல்லாம் படுத்துவிட்டது. பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் கிடையாது. அதற்கடுத்த இரண்டு மாதம் எங்கள் கடையில் இதே வேலைதான். ஓடு பறந்து மழை உள்ளே இறங்கிய வீட்டில் கம்ப்யூட்டரும் நனைந்திருந்தது, அதற்கு மேல் தட்டில் மஞ்சப்பையில் சுற்றி வைத்த டிஸ்க்கும் நனைந்திருந்தது. ஒரு அம்மா அரிசி டப்பாவில் போட்டு வைத்துக் கொண்டுவந்தார். ஈரத்தை அரிசி இழுக்கும் என்று யாரோ சொன்னார்களாம். டிஸ்க்கின் கனெக்டருக்குள் அரிசிக் குருணை.

நனைந்ததைச் செருகிப் பார்க்காதீர்கள், அவ்வளவுதான் சொல்ல முடியும். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது, ஒரு நகலை வேறு ஊரில் கொண்டுபோய் வைப்பது. திருச்சியில் அக்கா வீடு இருக்கும், மன்னார்குடியில் மச்சான் வீடு இருக்கும். பொங்கலுக்குப் போகும்போது புது டிஸ்க்கைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கி வரலாம். சீர் கொடுக்கப் போகிறோம், இதையும் கொடுக்க வேண்டியதுதானே.

13. அடுத்த வீட்டுப் போட்டோவை நீங்கள் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. வந்திருக்கிறதா என்று வீட்டுக்காரரைத் திறந்து பார்க்கச் சொல்லிவிட்டு, நீங்கள் எழுந்துபோய்த் திண்ணையில் உட்காருங்கள். உங்கள் சிஸ்டத்துக்கு எடுத்த நகலை வேலை முடிந்து அவர்கள் சரி என்று சொன்னதும் அவர்கள் கண் முன்னாலேயே அழியுங்கள். இதில் தவறினவனை நான் கடையில் வைத்துக்கொண்டதில்லை.

14. ரீஸ்டோர் நன்றாக முடிந்தது என்று பழைய டிஸ்க்கைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்.

ஏட்டைப் புதிதாகப் படியெடுத்ததும் பழைய ஏட்டை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடும் வழக்கம் இருந்தது. உ.வே.சா. இதை வயிறெரிந்து எழுதியிருக்கிறார். அவருடைய சொந்த ஊரான உத்தமதானபுரம் நம் பாபநாசத்துப் பக்கம்தான். கும்பகோணம் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே 1887-ல் சீவகசிந்தாமணியை அச்சேற்றினார். நல்ல ஏடு ஒன்று கிடைத்தது, அதைப் பார்த்து அடித்தார் என்பதல்ல நடந்தது. ஊர் ஊராகத் தேடிச் சேர்த்த ஏடுகளைப் பக்கத்தில் வைத்து, ஒன்றில் பூச்சி அரித்த இடத்தை இன்னொன்றில் பார்த்து நிரப்பினார். ஓட்டை ஏடு என்று எதையும் ஒதுக்கவில்லை.

நம் வேலையும் அதுவேதான். பேக்கப் மார்ச் மாதத்தோடு நின்றிருக்கும். படுத்த டிஸ்க்கில் ஜூலை வரை இருக்கும், ஆனால் ஏப்ரல் ஃபோல்டர் படிக்காது. ஏப்ரலில் பாதி பேத்தியின் போனில் இருக்கும். மூன்றையும் வைத்துத்தான் ஒரு முழு வருடத்தைக் கட்ட வேண்டும். இது ஒரு நாளில் முடியாது. ஐந்து மாதம் கழித்து யாராவது வந்து, "அந்த வளைகாப்பு போட்டோ மட்டும் இல்லையே" என்பார்கள். அப்போது பழைய டிஸ்க் கையில் இருக்க வேண்டும். ஒரு வருடமாவது வையுங்கள். மேலே ஸ்டிக்கர் ஒட்டி, யாருடையது, எப்போது கழற்றியது, என்ன கோளாறு என்று எழுதுங்கள். காசு தராமல் போன வாடிக்கையாளருடையதையும் வையுங்கள்.

15. விஜயதசமிக்கு ஒரு முறை திறந்து பாருங்கள்.

சரஸ்வதி பூஜைக்குப் புத்தகத்தை அடுக்கிப் பூஜையில் வைப்போம், மறுநாள் காலையில் எடுத்து ஒரு பக்கமாவது படிப்போம். இப்போதெல்லாம் கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. (யூஎஸ்பி ஓட்டையில் சந்தனம் வைக்காதீர்கள். நவராத்திரி முடிந்த வாரம் கடைக்கு இப்படி நாலைந்து வரும்.) பேக்கப் டிஸ்க்கையும் பூஜையில் வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் எடுத்துப் பத்து ஃபைல் திறந்து பார்த்தால் அந்த வருடத்துச் சோதனை முடிந்தது. தேதி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சிரமமில்லை, பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது.

இந்த யோசனை என்னுடையது இல்லை. அந்த ஒரத்தநாட்டு ஆசிரியருடையது. ஊர்க்கதையை இரண்டாம் முறை அடித்து முடித்த வருடம், விஜயதசமி காலையில் கடைக்கு வந்து, "தம்பி, இதைத் திறந்து காட்டு" என்று ஒரு பென்டிரைவை நீட்டினார். திறந்தேன். நடுவில் ஒரு பக்கத்தைக் காட்டச் சொல்லி நின்றபடியே படித்துவிட்டுக் கிளம்பினார். அதற்கப்புறம் வருடா வருடம் வந்தார். நாலு வருடத்துக்கு முன்னால் காலமாகிவிட்டார். போன விஜயதசமிக்கு அவர் மருமகள் வந்தார். பென்டிரைவோடு ஒரு துண்டுத்தாள் ரப்பர்பேண்டில் கட்டியிருந்தது. 'பாமினி' என்று மாமனார் கையெழுத்து. கடைப் பையன் எழுத்துருவை ஏற்றிவிட்டு ஃபைலைத் திறந்தான். குளங்களைப் பற்றிய அத்தியாயம் வந்தது. அந்த அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, முதல் பத்தியைச் சத்தமாகப் படித்தார்.